பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே
(சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் நம் கேமரா பதிவுப் பெட்டியைப் பார்க்கச் சொன்னார் செயலாளர். பார்க்கிங்கில் நின்றபடி, பொது வைஃபையில் சேர்ந்து, என் போனில் 192.168.1.20 என்று அடித்தேன். டிவிஆரின் லாகின் பக்கம் அப்படியே திறந்தது. அந்த வைஃபை பாஸ்வேர்டு தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் தெரியும். பெட்டியிலோ கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை இன்னும் யாரும் மாற்றவில்லை. உங்கள் வீட்டு வாசல், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

"நம்ம அருப்புக்கோட்டையில யாரு சார் இதையெல்லாம் பார்க்கப்போறா?" என்று ஒருவர் கேட்டார். 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்தன. அங்கேயும் மாற்றாமல் விட்ட எளிய பாஸ்வேர்டுதான் வழிவிட்டது என்று செய்திகள் வந்தன. 2016-இல் பரவிய 'மிராய்' வைரஸும் அப்படித்தான். சுமார் 60 கம்பெனி பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க கேமராக்களையும் ரூட்டர்களையும் தட்டிப் பார்த்தது. எந்த ஊர் என்றெல்லாம் அது பார்க்கவில்லை.

பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட்டேன். அது மட்டும் போதாது என்பது என் கருத்து. திருச்சுழிப் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயக்கட்டுக்குள் இருக்கிற வயலா என்று பார்த்துத்தான் நீர்ப்பாய்ச்சி மடையைத் திறப்பார். ஐபி வடிகட்டலும் அதே வேலைதான். எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்று கருவி முதலில் பார்க்கும். பட்டியலில் இல்லாதவருக்கு லாகின் பக்கமே வராது. பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் பயனில்லை.

நம் ரூட்டரிலும் டிவிஆரிலும் இந்த வசதி இருக்கிறது. சங்க அறைக் கம்ப்யூட்டர் 192.168.1.10, பொருளாளர் லேப்டாப் 192.168.1.11. இந்த இரண்டுக்கு மட்டும் அனுமதி, மற்றதெல்லாம் மறுப்பு. விதிகளைக் கருவி மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அதனால் மறுப்பு கடைசியில்தான் வர வேண்டும்.

இதில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழைய வேலையில், என் முகவரியைச் சேர்க்காமல் மறுப்பு விதியை முதலில் சேமித்துவிட்டேன். அடுத்த நொடி நானே வெளியே! ரீசெட் பட்டனை அமுக்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. இன்னொரு தொல்லை நம் கரண்ட் கட். ரூட்டர் அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். எனவே இந்த இரண்டு கம்ப்யூட்டருக்கும் முகவரியை ரூட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டும்.

பட்டியலால் ஆகாததும் உண்டு. விஷயம் தெரிந்த பையன் தன் போனுக்கு 192.168.1.10 என்று தானே முகவரி வைத்துக்கொள்ளலாம். ஆகவே விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிக்க வேண்டும். போன் ஆப் வழியாகக் கேமரா பார்ப்பது கம்பெனி சர்வர் வழியாக நடப்பதால் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் சிக்காது. அந்த ஆப் யார் யார் போனில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள். சங்கப் பொறுப்பை விட்டவர்கள் போனிலும் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் மனம் கோணக் கூடாது, நீக்கத்தான் வேண்டும். ரூட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுவோம்.

ஞாயிறு காலை 10 மணிக்கு சங்க அறையில் இதைச் செய்யப்போகிறேன். அரை மணி நேரம் வைஃபை இருக்காது. ஆன்லைன் வகுப்பு உள்ள வீடுகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டு ரூட்டரையும் பார்க்க வேண்டுமென்றால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள், பாஸ்வேர்டு அதில்தான் இருக்கும்.