பிஸ்டனும் கனெக்டிங் ராடும்: வீட்டிலேயே எடை ஒப்பிடல்

மும்பை நகரத் தெருக்களில் பல பத்தாண்டுகள் டாக்ஸியாக ஓடிய பிரீமியர் பத்மினி வண்டி, 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றது. ஆயினும் அதனை இன்றும் வீட்டு வண்டியாகப் போற்றி வைத்திருப்போர் உளர். நாமும் அவர்களுள் ஒருவர். நம் தந்தையார் வாங்கிய அவ்வண்டியில்தான் கோடை விடுமுறைதோறும் மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு, கண்டாலா மலைப்பாதை ஏறி, ஊர் வந்து சேர்வது நம் குடும்பத்தின் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் அதன் மூன்றாம் பிஸ்டன் பழுதாயிற்று. புதிதாக ஒன்று வாங்கி நாமே பொருத்தினோம். எஞ்சின் உடனே இயங்கியது, மகிழ்ந்தோம். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் கியர்க் கோல் நடுங்கியது. கதவுக் கண்ணாடிகள் சலசலத்தன. பின்னிருக்கையில் இருந்த அன்னையார், “இந்த வண்டியில் இனி நான் ஊருக்கு வரமாட்டேன்” என்று கூறிவிட்டார். அந்த நடுக்கத்தின் காரணத்தைத் தேடிச் சென்றபோது நாம் கற்றுக்கொண்டவற்றையே இன்று உங்களிடம் கூற விழைகின்றோம்.

பத்மினியின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 75 மில்லிமீட்டர். முதலாம், நான்காம் பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டாம், மூன்றாம் பிஸ்டன்கள் கீழிறங்கும். கிணற்று இறைவையில் ஒரு குடம் ஏற மற்றொரு குடம் இறங்குவது போன்றதே இது. நான்கும் ஒரே எடையாயின், ஒன்றின் உதைப்பை மற்றொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஒன்று மட்டும் கனமாயின் ஈடு குலையும். மிஞ்சிய உதைப்பு வண்டியின் உடலுக்கு வந்து சேரும்.

நாம் வாங்கிய புதிய பிஸ்டன் மற்ற மூன்றைக் காட்டிலும் 7 கிராம் மிகுதியாயிருந்தது. ஒரு சவரன் பொன்னின் எடைக்கும் ஒரு கிராம் குறைவு! இத்துணைச் சிறு எடை என்ன செய்துவிடும் என்று எண்ணத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 4000 சுற்று சுற்றும்போது, பிஸ்டன் நிமிடத்திற்கு 8000 முறை நின்று திசை திரும்புகிறது. அவ்வேகத்தில் ஒரு கிராம் வேறுபாடு, திரும்பும் இடங்களில் ஏறத்தாழ முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையின் விசையாகப் பெருகுகிறது. 7 கிராம், நான்கரைக் கிலோவுக்கு மேற்பட்ட உதைப்பாகிறது. சுற்றும் வேகம் பாதியானால் உதைப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வண்டி மெல்ல ஓடுகையில் அமைதியாக இருந்து, விரைந்தோடுகையில் நடுங்கியதன் காரணம் இதுவே.

இனிச் செய்முறைக்கு வருவோம். நகைக்கடைகளில் வழங்குவது போன்ற, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் மின்தராசு ஒன்று வேண்டும். கழற்றும்போதே ஒவ்வொரு ராடுக்கும் அதன் மூடிக்கும் சிலிண்டர் எண்ணைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. ராடும் மூடியும் சேர்ந்தே துளையிடப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றுக்கு மாற்றலாகாது. பிஸ்டனின் தலையிலும் ரிங் பள்ளங்களிலும் படிந்த கரியை நீக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்திய பின்னரே நிறுக்க வேண்டும். கரிக்கும் எடை உண்டன்றோ?

பிஸ்டன்களை அவற்றின் பின், ரிங்குகளோடு சேர்த்து நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் மிகக் குறைந்த எடையே அளவுகோல். குறைந்ததற்கு எதையும் சேர்த்தல் இயலாது; மிகுந்தவற்றையே குறைத்துக் கொண்டுவர வேண்டும். எங்கிருந்து குறைப்பது என்பதில்தான் அறிவு வேண்டும். பிஸ்டனின் உட்புறத்தில் பின் தாங்கும் குமிழ்களின் அடிப்பகுதியிலும், பாவாடை எனப்படும் கீழ் விளிம்பின் உட்புறத்திலும் உலோகம் சற்று மிகுதியாக இருக்கும். அங்கே சிறிது சிறிதாக அராவி, அடிக்கடி நிறுத்துப் பார்க்க வேண்டும். தலைப்பகுதியையும் ரிங் பள்ளங்களின் இடைச்சுவர்களையும் தொடவே கூடாது.

ராடின் கணக்கு வேறு. அதன் சிறிய முனை பிஸ்டனோடு மேலும் கீழும் ஓடுகிறது. பெரிய முனை கிராங்கோடு சுற்றி வருகிறது. ஆகவே முழு எடை ஒத்திருந்தால் மட்டும் போதாது. முனைக்கு முனை ஒத்திருக்க வேண்டும். ஒரு பலகையில் கம்பம் நட்டு, அதிலிருந்து மெல்லிய சங்கிலியால் சிறிய முனையைத் தொங்கவிடுங்கள். பெரிய முனையைத் தராசின் மேலுள்ள சிறு தாங்கியில் அமர்த்துங்கள். ராடு ரசமட்டத்திற்குக் கிடையாகவும் சங்கிலி செங்குத்தாகவும் இருத்தல் வேண்டும். தராசு காட்டுவது பெரிய முனையின் எடை. அதனை முழு எடையிலிருந்து கழித்தால் வருவது சிறிய முனையின் எடை. நான்கு ராடுகளையும் இவ்வாறே, அமைப்பைச் சிறிதும் மாற்றாமல், மும்மூன்று முறை நிறுக்க வேண்டும். போல்டும் நட்டும் இருக்கலாம். பேரிங் ஓடுகள் வேண்டா. பின்னர் மூடியின் அடிப்புறத்திலும் சிறிய முனையின் உச்சியிலும் உள்ள தடித்த பகுதியில் மட்டுமே குறைக்க வேண்டும்.

இவ்விடத்தில் நாம் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் ராடு கனமாயிருந்தது. முனைக்கு முனை நிறுக்கும் பொறுமை அன்று நமக்கு இல்லை. ராடின் நடுத்தண்டின் மீது குறுக்காக அரத்தை ஓட்டி, முழு எடையை ஒப்பாக்கி, பெருமிதத்தோடு சயான் பகுதியிலுள்ள ஒரு தமிழ் மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்றோம். திருநெல்வேலியிலிருந்து இளமையிலேயே வந்து, நாற்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலையே செய்துவரும் பெரியவர் அவர். ராடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் அரத்தின் கோடுகளைத் தடவினார்.

“எடை சரியாக இருக்கலாம், தம்பி. ஆனால் இந்த ராடை நான் மாட்டித் தரமாட்டேன். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு மலையேறுகிற வண்டியல்லவா?” என்றார்.

அவர் கூறியதன் பொருள் இது. ராடு ஒவ்வொரு சுற்றிலும் இழுபடுகிறது, அழுந்துகிறது. இழுக்கும் திசைக்குக் குறுக்கே விழுந்த ஒரு கீறல், நாளடைவில் வெடிப்பாக வளரும். வெடித்த ராடு ஓடும்போது ஒடிந்தால் எஞ்சின் உடலையே துளைத்துக்கொண்டு வெளிவரும். ராடில் எங்கே அராவினாலும் கோடுகள் அதன் நீளவாக்கில் அமைய வேண்டும். முடிவில் மெல்லிய உப்புத்தாளால் அக்கோடுகளும் மறையுமாறு தேய்த்துவிட வேண்டும். நடுத்தண்டில் அரம் படவே கூடாது.

அந்த ராடைக் கழித்துவிட்டோம். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து வேறொரு ராடு தேடி வாங்கி, அது வளையாமல் நேராக இருப்பதை அப்பெரியவரே சோதித்துத் தந்தார். அது மற்ற மூன்றைக் காட்டிலும் இலேசாயிருந்தது. ஆகவே அம்மூன்றையும் மீண்டும் குறைக்க நேர்ந்தது. மூன்று மாலைப் பொழுதுகள் கழிந்தன. முடிவில் நான்கும் ஒரு கிராமுக்குள் ஒத்து வந்தன. துகள் ஒன்றுகூட எஞ்சாதபடி எல்லாவற்றையும் கழுவி, புதிய போல்டுகள் இட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். துகள் ஒன்று பேரிங்கில் புகுந்தாலும் செய்த வேலை அனைத்தும் வீணாகும்.

வீட்டில் இயலாதவையும் உள. கிராங்க் தண்டையும் ஃப்ளைவீலையும் சமன்செய்யச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் வேண்டும். அதற்குப் பட்டறைக்கே செல்ல வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில், கிராங்கின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் எழும் மெல்லிய அதிர்வு ஒன்று உண்டு. அது அமைப்பிலேயே உள்ளது. எடை ஒப்பிடுவதால் தீராது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் அதனைப் பெரிதும் ஏற்றுக்கொள்ளும். அலுமினியத்தை அராவுகையில் கண்ணாடி அணிய மறவாதீர்கள். அதனைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தல் ஆபத்தானது.

அவ்வாண்டு மே மாதம் மீண்டும் ஊருக்குப் புறப்பட்டோம். அன்னையார் முதலில் தயங்கினார். பிறகு ஏறி அமர்ந்தார். கண்டாலா ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் உரக்க முழங்கிற்று. ஆனால் கியர்க் கோல் நடுங்கவில்லை. லோணாவாலாவில் தேநீர் அருந்தலாமா என்று கேட்கத் திரும்பிப் பார்த்தோம். அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து திரும்பியதும், நெல்லை அல்வாவோடு அப்பெரியவரின் பட்டறைக்குச் சென்றோம். கழித்த ராடை அவர் எறிந்துவிடவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு அக்குறுக்குக் கோடுகளைக் காட்டுவதற்காக என்றார்.