சேனாதிபதி கிராண்ட்



யுத்தத்தில் ஜயம் பெற்றவர்களின் சரிதங்கள் ஏராளம். ஆயினும், ஜயித்த அன்றைக்கே தோற்றவனுடைய பசியையும் அவனுடைய உழவையும் நினைத்துப் பார்த்த ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அவர் அமெரிக்கச் சேனாதிபதி யுலிஸிஸ் கிராண்ட்.

1822இல் ஒஹையோ மாகாணத்தில் தோல் பதனிடும் தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, மெக்ஸிகோ யுத்தத்தில் போரிட்ட அவர், 1854இல் உத்தியோகத்தைத் துறந்து ஊர் திரும்புகையில் நியூயார்க்கில் காசின்றித் தவித்தார். அப்போது அவருடைய விடுதிக் கடனுக்குப் பொறுப்பேற்றவர் கல்லூரித் தோழர் ஸைமன் பக்னர். பின்னர் விறகு விற்றும், தந்தையின் தோல் கடையில் குமாஸ்தாவாக இருந்தும் ஜீவனம் கழித்தார்.

அடிமை முறையைக் காக்கத் தென் மாகாணங்கள் பிரிந்துபோக, 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடவர் படையில் மீண்டும் சேர்ந்த கிராண்ட், மறு வருஷம் தென்னவரின் டானல்ஸன் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளிருந்து நிபந்தனை கேட்டு ஓலை விடுத்தவர் அதே பக்னர்! நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறெதற்கும் இசையேன் என்று பதில் போயிற்று. கிராண்ட் நன்றி மறந்தவரல்லர், கடமையில் தாட்சண்யம் பாராதவர்.

விக்ஸ்பர்க் வெற்றியின் கீர்த்தியை விரிக்கப் பொழுதில்லை. ஆனால் கோல்ட் ஹார்பர் போரை மறைத்துப் பேசுவது முறையன்று: 1864 ஜூனில் அங்கே அவர் ஏவிய கடைசித் தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் பயனின்றி வீழ்ந்தனர், அதற்காக வருந்துவதாக அவரே தம் சுயசரிதத்தில் ஒப்புகிறார்.

1865 ஏப்ரல் 9ஆம் நாள், அப்பொமாட்டக்ஸில் ஒரு வீட்டுக் கூடம். தோற்ற தென்படைத் தலைவர் லீ புத்துடையும் அழகிய வாளும் பூண்டு வந்திருக்க, வென்ற கிராண்டோ சேறு தெறித்த காலணியுடன், வாளின்றி, சாதாரணச் சிப்பாயின் சட்டையில் நுழைந்தார். சரண்புகுந்தோர் வீடு திரும்பலாம்; சொந்தக் குதிரையோ கோவேறு கழுதையோ உடையவர் உழவுக்கு அதை ஓட்டிச் செல்லலாம் என்றார். பட்டினி கிடந்த லீயின் சேனைக்கு 25,000 பேருக்கான உணவு வழங்க இசைந்தார். தம் படையினர் ஆரவாரித்துப் பீரங்கி முழக்கியபோது, அதையும் நிறுத்தச் செய்தார். தென்னவர் போராடிய காரணம் மிகத் தீயது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை; எனினும் அன்று தம் நெஞ்சில் நிறைந்திருந்தது துக்கமே என்று எழுதுகிறார். பின்னர் லீயின்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோதும், தாம் அளித்த வாக்குறுதியை மீறலாகாது என்று உறுதியாக நின்று தடுத்தார்.

இருமுறை ஜனாதிபதியாக இருந்தும், 1884இல் கூட்டாளியின் மோசடியால் சகலமும் இழந்தார். தொண்டைப் புற்றுநோயின் வேதனையிலும், குடும்பம் வறுமையுறலாகாதென்று சுயசரிதத்தை எழுதி முடித்து, சில தினங்களில், 1885 ஜூலை 23இல் உயிர் நீத்தார். மரணப் படுக்கையில் அவரைத் தேடி வந்து கண்டவர்களில் ஒருவர் பக்னர். நியூயார்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில், பிரேதத்துக்குத் துணைசென்ற பிரமுகர் வரிசையிலும் அந்தப் பக்னர் இருந்தார்.