தானாக விழும் லைக்

(படவேட்டில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளில் பலர் தறி ஓடும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அசல் பட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இழையை எரித்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும் என்பார்கள். பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும் இருக்கின்றன. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது ஏமாற்று என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அதே பிள்ளைகள் திறன்பேசியில் 'ஆட்டோ லைக்' செயலியை இறக்கும்போது, இதுவும் அந்த வகைதான் என்று நினைப்பதில்லை. நாம் தூங்கும்போதும் அது நம் பெயரில் லைக் போடும், பின்தொடரும், 'சூப்பர்' என்று எழுதும். பதிலுக்கு நமக்கும் லைக் விழும்.

இது எப்படி நடக்கிறது? சில செயலிகள் கடவுச்சொல்லையோ கணக்கின் திறவுகோலையோ கேட்டு வாங்கிக்கொள்கின்றன. வேறு சில, திறன்பேசியின் 'அணுகல்தன்மை' அனுமதியைக் கேட்கின்றன. பார்வைக் குறைபாடுள்ள நம் மாணவர்கள் பயன்படுத்தும் டாக்பேக் இந்த அனுமதியில்தான் இயங்குகிறது. திரையில் உள்ளதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகத் தொடவும் அது வழிவிடுகிறது. அதைத் தெரியாத செயலிக்குக் கொடுத்தால், திரையில் வரும் ஓடிபியையும் அது படிக்கும். பல வீடுகளில் இருப்பது ஒரே திறன்பேசி. வங்கிக் கணக்கும் ஜிபேயும் அதில்தான். பிள்ளை கேட்டது லைக். திறந்து கொடுத்தது வீட்டின் கதவை.

இன்னொன்று. 2017-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபேஸ்புக்கில் இப்படி லைக் பரிமாறும் வலைப்பின்னல்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை போலிக் கணக்குகள் அல்ல. லைக்குக்கு ஆசைப்பட்டுத் திறவுகோலைக் கொடுத்த உண்மையான மனிதர்களுடையவை. ஆக, நம் மாணவி பார்த்தே இராத ஓர் ஆபாசப் பதிவின் கீழ் அவள் பெயர் இருக்கலாம். 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம், இத்தகைய செயலிகள் வழி வரும் லைக்குகளை நீக்கத் தொடங்குவதாக அறிவித்தது. சேலை விற்கும் அண்ணன் கணக்கில் இதைச் செய்தால், கணக்கே முடங்கக்கூடும்.

"யாரையும் அடிக்கலையே, திருடலையே, அப்புறம் என்ன தப்பு டீச்சர்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "ஒரு கடைக்கு 200 உண்மையான வாடிக்கையாளர்கள். எதிர்க் கடைக்கு 10,000 போலி ஃபாலோயர்கள். வெளியூர்க்காரர் யாரிடம் சேலை வாங்குவார்?" அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ அந்த 200 பேர் கடைக்காரர்தான் நஷ்டப்படுவாரு" என்றான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் போலி ஃபாலோயர்களை விற்ற டெவுமி என்ற நிறுவனத்தின் மீது 2019-இல் அரசு நடவடிக்கை எடுத்தது. 25 லட்சம் டாலர் என்று தீர்வானது. அங்கு விற்கப்பட்ட போலிக் கணக்குகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயரும் படமும்கூட இருந்தன. நம் நாட்டிலும் 2020 ஜூலையில், ஒரு பாடகியின் பெயரில் போலிக் கணக்கு இருப்பதாக வந்த புகாரைத் தொடர்ந்து, ஃபாலோயர் விற்பனை வழக்கில் மும்பைக் காவல்துறை ஒருவரைக் கைது செய்தது.

லைக்கை வைத்தே விரிக்கப்படும் வலையும் உண்டு. 'வீட்டிலிருந்தே லைக் போட்டுச் சம்பாதிக்கலாம்' என்பார்கள். முதலில் சிறு தொகை வரும். பிறகு 'பணம் கட்டினால் பெரிய வேலை' என்பார்கள். இப்படிப் பகுதிநேர வேலை என்று ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. இதில் சிக்குவது பாவு வாங்க வைத்திருந்த பணமாகவும் இருக்கலாம்.

தானியங்கி எல்லாமே தவறு என்று சொல்ல வரவில்லை. மாணவர் சேர்க்கை அறிவிப்பைக் காலை ஆறு மணிக்கு வெளியாகும்படி அமைத்து வைக்கலாம். சேலை விலை கேட்பவருக்குத் தானாகப் பதில் போகச் செய்யலாம். அங்கே இயந்திரம் நம் வேலையைக் குறைக்கிறது. ஆனால் இயந்திரம் போடும் லைக், ஒரு மனிதர் பார்த்தார், பிடித்திருந்தது என்று பொய் சொல்கிறது. வேறுபாடு இதுதான்.

நமக்கும் இதில் பங்குண்டு. பள்ளிப் பக்கத்துக்கு எண்ணிக்கை கூட்ட ஃபாலோயர் வாங்க வேண்டாம். 'எல்லாரும் லைக் போட்டுவிட்டு வாருங்கள்' என்று வகுப்புக்கே சொல்வதும் வேண்டாம். அப்படிச் சொன்னால், பிள்ளைகளையே நாம் இயந்திரமாக்குகிறோம்.

வகுப்பில் இரண்டு செயல்பாடுகளைச் செய்யலாம். ஒன்று, கணக்குப் பாடத்தில்: 10,000 ஃபாலோயர் உள்ள பக்கத்துக்கு 12 லைக் என்றால் எத்தனை விழுக்காடு? 0.12. ஏன் இவ்வளவு குறைவு என்று பேச விடுங்கள். இரண்டு, வீட்டுப்பாடமாக: பெற்றோருடன் அமர்ந்து, அணுகல்தன்மை அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை ஏற்கெனவே சிக்கியிருந்தால் திட்டாதீர்கள். செயலியை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பணம் கைமாறிக்கொண்டே போகும். நம்மிடம் வந்து சொல்லலாம் என்ற நம்பிக்கையை இன்றே கொடுத்து வையுங்கள்.