பணிப்பட்டியல் இடம் மாறும்போது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்ய வேண்டிய வேலைகளைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளும் செயலிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். சென்ற கோடை விடுமுறையில் நான் அப்படிப்பட்ட ஒரு செயலியை விட்டு வேறொன்றுக்கு மாறினேன். அது தெரிந்ததும் எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த முதல் கேள்வி, "சார், எந்த ஆப் நல்லா இருக்கு? பேரைச் சொல்லுங்க, இப்பவே இறக்கிக்கிறோம்" என்பதுதான். பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் இன்று நன்றாக இருக்கும் செயலி மூன்று ஆண்டு கழித்தும் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே பெயரை விட்டுவிட்டு, மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பேசுகிறேன்.

செயலிகள் நிலைப்பதில்லை

வுண்டர்லிஸ்ட் என்று ஒரு செயலி இருந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு சிறிய நிறுவனம் அதை வெளியிட்டது. உலகெங்கும் ஏராளமானோர் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2017இல் 'மைக்ரோசாஃப்ட் டு டூ' என்ற புதிய செயலியின் முன்னோட்ட வடிவம் வந்தது. வுண்டர்லிஸ்ட் நிறுத்தப்படும் என்று 2019 டிசம்பரில் அறிவித்தார்கள். 2020 மே 6ஆம் நாள் நிறுத்தினார்கள். பழைய பட்டியலைப் புதிய செயலிக்குக் கொண்டுபோகும் வசதியையும் கொடுத்தார்கள். ஆனால் மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பு பயன்படுத்தியவர்களுக்கு இல்லை.

மக்களுக்குப் பிடித்துப்போன ஒரு செயலிக்கே நிலை இதுதான். என் அனுபவம் இன்னும் சிறியது. நான் நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய செயலியில், வாரந்தோறும் தானாகத் திரும்ப வரும் நினைவூட்டலைக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். திங்கள்தோறும் வர வேண்டியது வராமல் போனால் எனக்கு அந்தச் செயலியால் பயன் இல்லை. அதனால் மாறினேன்.

ஆக, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நீங்களும் மாறத்தான் போகிறீர்கள். மாறுவது தொல்லைதான். ஆனால் நம் தலையில் என்னென்ன வேலை இருக்கிறது என்பதை மொத்தமாக எடுத்துப் பார்க்க அதைப்போல ஒரு வாய்ப்பு கிடைப்பதில்லை.

இரண்டு வகை வேலைகள்

பழைய செயலியில் என்னிடம் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது அவை இரண்டு வகையாகப் பிரிவதைப் பார்த்தேன்.

முதல் வகை: எமிஸ் பதிவேற்றம், மதிப்பெண் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானம், பயிற்சிக்குப் போய்வந்த அறிக்கை. இரண்டாம் வகை: மூன்று நாளாக வராத பையனின் வீட்டுக்குப் போய் வருவது, கரும்பலகை தெரியவில்லை என்று சொன்ன பெண்ணைக் கண் பரிசோதனைக்கு அனுப்புவது, கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறும் நான்கு பேரைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது, சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் ஆதாரில் ஒரு தலைப்பெழுத்துமாக இருக்கும் மாணவனின் பெயரைச் சரிசெய்ய வழி காட்டுவது.

முதல் வகை வேலையை நாம் மறந்தாலும் அது நம்மை மறக்காது. காலையில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். மதியம், முடிக்காத பள்ளிகளின் பட்டியல் வரும். மாலையில் தலைமையாசிரியரே நேரில் வந்து கேட்பார். இரண்டாம் வகைக்கு எந்தக் குழுவிலும் செய்தி வராது. கரும்பலகை தெரியாத அந்தப் பெண் நம்மிடம் இரண்டாம் முறை வந்து சொல்லமாட்டாள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதப் பழகிக்கொள்வாள். நாமும் அவள் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வோம்.

பெரும்பாலான செயலிகள் வேலைகளைத் தேதி வாரியாகக் காட்டுபவை. அலுவலக வேலைக்குக் கடைசித் தேதி உண்டு; அது மேலே வந்து நிற்கும். குழந்தைக்கான வேலைக்குத் தேதி கிடையாது. அது பட்டியலின் அடியில் போய்த் தங்கும். செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது. நாம்தான் தேதி கொடுக்க வேண்டும். புதிய செயலியில் நான் வைத்துக்கொண்ட முதல் விதி அதுவே: ஒரு மாணவரைப் பற்றிய எந்தக் குறிப்பும் தேதியில்லாமல் உள்ளே போகக் கூடாது. கண் பரிசோதனை என்றால், "வியாழன் காலை, அவள் அம்மாவிடம் பேச வேண்டும்" என்று எழுதுகிறேன்.

எழுதுவதால் என்ன பயன்?

பி.எட். உளவியல் பாடத்தில் நினைவாற்றலைப் பற்றிப் படித்திருப்போம். புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் செய்த ஆய்வை 1927இல் வெளியிட்டார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே மனத்தில் அதிகம் தங்குகிறது என்றார் அவர். எல்லாப் பிற்கால ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் இரவு படுத்த பிறகு முடியாத வேலைகள் வரிசையாக நினைவுக்கு வருவது நம் எல்லோருக்கும் பழக்கம்தான்.

2011இல் மாசிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் உதவும். வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்போது, எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டமாக வகுத்துக்கொண்டாலே அந்த நினைப்பு மனத்தை இடைமறிப்பது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். இங்கே 'எப்போது, எப்படி' என்பதுதான் முக்கியம். வெறும் பெயரை எழுதி வைப்பது திட்டம் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 8ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு தெரியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தேர்வு பெறும் மாணவருக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு இது அந்தப் பிள்ளையைப் பள்ளியிலேயே நிறுத்திவைக்கும் தொகை.

இதை "என்.எம்.எம்.எஸ்." என்று ஒரே சொல்லாகப் பட்டியலில் எழுதலாம். அந்தச் சொல்லைப் பார்த்தால் இன்று என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. அதையே இப்படிப் பிரித்தால் தெரியும்: யார் யாரிடம் வருமானச் சான்று இல்லை என்று பட்டியல் எடுப்பது, அந்தப் பெற்றோரிடம் பேசுவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டார்களா என்று ஒரு வாரத்தில் கேட்பது, சான்று கைக்கு வந்ததா என்று பார்ப்பது. சான்று வாங்க அலைவதற்கு அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் சொன்னால் அவரால் முடியாது. ஒரு மாதம் முன்பே சொன்னால், வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போய்வருவார்.

கையால் மாற்றுங்கள்

பழைய செயலியிலிருந்து பட்டியலை ஒரு கோப்பாக இறக்கிப் புதிய செயலியில் ஏற்றும் வசதி பலவற்றில் உண்டு. அந்தக் கோப்பை இறக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்படியே ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, தொழில்நுட்பச் சிக்கல். 05/06 என்பதை நாம் ஜூன் 5 என்று படிப்போம். மாதத்தை முதலில் எழுதும் முறையில் அமைந்த செயலி மே 6 என்று எடுத்துக்கொள்ளும். வாரந்தோறும் வர வேண்டிய வேலை ஒருமுறை மட்டும் வருவதாக மாறிவிடலாம். ஏற்றி முடித்த அன்று எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த வாரம்தான் வெளிப்படும்.

இரண்டாவது காரணம் பெரியது. ஏற்றும்போது "என்.எம்.எம்.எஸ்." என்ற அந்த ஒற்றைச் சொல் அப்படியே போய் உட்காரும். கையால் எழுதும்போது, "இதற்கு அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன?" என்று நம்மை அறியாமலே கேட்டுக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்றே கேள்விகள். இது முடிந்துவிட்டதா? இதை இனியும் செய்ய வேண்டுமா? இதைச் செய்ய வேண்டியவர் நானா, வேறொருவரா? இந்த மூன்றையும் கேட்டபோது என் பட்டியல் பாதிக்கும் கீழே குறைந்தது. மீதமிருந்ததில் பெரும்பகுதி இரண்டாம் வகை வேலைகள்.

இதற்கு ஏற்ற காலம் கோடை விடுமுறை, அல்லது காலாண்டு, அரையாண்டு விடுமுறை. தேர்வு நடக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். இரண்டு செயலிகளிலும் மாறி மாறி எழுதுவதும் வேண்டாம். எந்த வேலை எதில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றுமுதல் புதியதில் மட்டும் எழுதுங்கள். பழையதன் அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை வர வேண்டியவை ஒரு சுற்றாவது சரியாக வந்த பிறகு பழையதை விடலாம்.

மாணவர் விவரத்தில் கவனம்

நம் பட்டியலில் இருப்பவை பிறர் வீட்டுப் பிள்ளைகளின் விவரங்கள். செயலியில் எழுதுவது நம் கைப்பேசியோடு நிற்பதில்லை. பெரும்பாலும் அது அந்த நிறுவனத்தின் கணினியில் சேமிக்கப்படுகிறது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வகைப்படுத்துகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "அப்பா குடிக்கிறார், அம்மா ஊரில் இல்லை" என்று ஒரு மாணவர் நம்மை நம்பிச் சொன்னதை முழுப்பெயரோடு ஒரு செயலியில் எழுதி வைப்பது சரியாக இருக்காது.

நான் பெயர் எழுதுவதில்லை. "8-ஆ, 17, வீட்டுக்குப் போக" என்று எழுதினால் எனக்குப் புரியும். வேறு யாருக்கும் புரியாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், எமிஸ் எண், மருத்துவ விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் பழைய விவரமெல்லாம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. அமைப்புகள் பகுதிக்குள் சென்று கணக்கையே நீக்கும்படி கேட்க வேண்டும். கோப்பை இறக்கிக்கொண்ட பிறகு இதைச் செய்யுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

புதிய செயலியை இறக்கியதும் பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். தமிழில் எழுதினால் ஏற்கிறதா, தமிழ்ச் சொல்லைத் தேடினால் எடுத்துத் தருகிறதா? இணையம் இல்லாத இடத்தில் திறக்கிறதா? மலைப்பகுதிப் பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு இது முதல் கேள்வி. திரும்பத் திரும்ப வரும் வேலைகளை இலவசமாக அமைக்க முடிகிறதா? எழுதியதையெல்லாம் ஒரு கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இங்கே மூத்த ஆசிரியர்கள் சிலர் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். ஐயா, நீங்கள் எதற்கும் மாற வேண்டியதில்லை. அதற்கு மின்னூட்டம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், அதை யாரும் நிறுத்தப்போவதும் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: குறிப்பேடு தீர்ந்து புதியது தொடங்கும்போது, பழையதில் முடியாமல் இருப்பவற்றைப் பார்த்து எழுதுங்கள். நான் சொன்ன மூன்று கேள்விகளையும் அப்போது கேளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். செயலியோ, குறிப்பேடோ, நாட்காட்டியின் ஓரமோ, எதுவாகவும் இருக்கட்டும். அதில் யாரும் நமக்கு நினைவூட்டப் போகாத வேலை ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்கு இந்த வாரத்திலேயே ஒரு தேதி கொடுங்கள். இல்லையென்றால், வகுப்பில் யாருக்கு நம் கவனம் தேவைப்படுகிறது என்று யோசித்து ஒரு வரி எழுதிச் சேருங்கள். எந்தச் செயலிக்கு மாறுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.