பிரசவ வார்டில் முதலிடம் யாருக்கு?

(ஜூபிலி விழாவின் அன்னையர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்களில் ஒருவர் தம் மகளின் பிரசவத்துக்காக என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார். நானே அதை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் அதைப் பிரிக்கவே இல்லை. "சாமி, உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறாள், அவளுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அதோ, அந்த அம்மாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்" என்றார். நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்த ஒரு பெண், உதிரம் போய்க்கொண்டிருந்தும் யாரையும் கூப்பிடக் கூசி, ஓரமாய் உட்கார்ந்திருந்தாள். அன்று நான் பட்ட வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை.

பிரசவ வார்டில் முதலிடம் முதலில் வந்தவருக்கல்ல, செல்வாக்குள்ளவருக்குமல்ல, ஆபத்திலிருப்பவருக்கே. பேறுக்குப் பின் கடுமையாக உதிரம் போனால், சிகிச்சையின்றி இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம்.

திண்டிவனத்தில் ஒரே இரவில், உதவியின்றி மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் வேலூரில் பணி தொடங்கினார். நம் திருச்சபையிலோ, கன்னியர் பிரசவம் பார்க்கத் தடை இருந்தது. 1936-ல் ரோமாபுரி வழிவிட்டது. நம் தஞ்சையில் மிராசுதார்களின் கொடையால் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை இன்று தாய்-சேய் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தியா முழுமைக்கும் அது 97. நாம் முன்னேறியிருக்கிறோம், ஆனால் அந்த 54 வீடுகளுக்கு இதைச் சொல்லி ஆறுதல் தர முடியுமா?

எனவே உங்களை மூன்று காரியம் கேட்கிறேன். உதிரப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலி, கண் மங்கல் இவற்றில் ஒன்று கண்டாலும் அறுவடை முடியட்டும், நல்ல நேரம் வரட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வார்டு வாசலில் கூட்டம் கூடி நர்சுகளின் வேலையைத் தடுக்காதீர்கள். துணைக்கு ஒரு தாய் போதும். வாலிபரே, ஜூபிலி நினைவாக இரத்ததானம் செய்யுங்கள்.

சிபாரிசுக் கடிதம் கேட்டு மட்டும் என்னிடம் வராதீர்கள். அந்தச் சேற்றுக்கால் பெண் பிழைத்துக்கொண்டாள். அவள் முறையை நான் பறிக்க இருந்தேன். ஆண்டவர் நம் தாய்மாரை, அவர்களைக் காக்கும் கைகளோடு ஆசீர்வதிப்பாராக.