குத்துச்சண்டையில் சிறியவர் வெல்வது எவ்வாறு?



பாலக்காட்டுச் சீமையில், சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு ஓணத்தல்லு புதிதன்று. பல்லசேனையில் ஓணக் காலத்தில் நிகழும் அந்தத் தல்லை உங்களிற் பலர் நேரிலே கண்டிருப்பீர்கள். அங்கே விரித்த கையால் அறையலாம்; முட்டியால் குத்துதலும் காலால் உதைத்தலும் கூடா. ஒருவன் களத்தில் இறங்கினால், அவனுக்கு நிகரான வலிமையுடையவன் எதிர்ச்சேரியிலிருந்து வரவேண்டும் என்பது அதன் மரபு. இந்த நியாயத்தையே மேனாட்டுக் குத்துச்சண்டை தராசில் நிறுத்து, எடைப் பிரிவுகளாக வகுத்துக்கொண்டது. வடசென்னையில் பரம்பரைகளாகப் பிரிந்து நின்று நம்மவர் ஆடிய ‘ஆங்கிலக் குத்துச்சண்டை’யும் இதுதான்.

ஆயினும், அந்தத் தராசைப் புறக்கணித்துவிட்டுத் தம்மினும் பெரியவரோடு மோதியவர்கள் உண்டு, வென்றவர்களும் உண்டு. அவர்கள் எவ்வாறு வென்றார்கள் என்பதே இன்றைய பேச்சு. துணிவினால் வென்றார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. துணிவு தோற்றவர்களிடமும் இருந்தது.

பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்பவர் இங்கிலாந்தில் 1863-ல் பிறந்து, நியூசிலாந்தில் வளர்ந்த கொல்லர். கால்கள் மெலிந்தவை, உலைக்களத்தில் சம்மட்டி பிடித்துப் பழகிய தோள்களோ அகன்றவை. 1897 மார்ச் 17-ல் அமெரிக்காவில் கார்சன் நகரத்தில், ஹெவிவெயிட் வீரர் ஜேம்ஸ் கார்பெட்டை அவர் எதிர்த்தார். கார்பெட்டின் எடை ஏறக்குறைய 183 இராத்தல், இவருடையது 167. ஆறாம் சுற்றில் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் கீழே விழுந்தார், முகமெல்லாம் இரத்தம். எழுந்து நின்று காத்திருந்தார். பதினான்காம் சுற்றில், மார்பெலும்பு முடியுமிடத்திற்குச் சற்றுக் கீழே, வயிற்றின் மேற்குழியில் இடது கையால் ஒரு குத்து விட்டார். கார்பெட்டுக்கு நினைவு தப்பவில்லை. ஆனால் மூச்சு நின்றது. எழ நினைத்தார், உடல் இசையவில்லை. இந்தப் போட்டி முழுவதையும் அன்றே திரைப்படமாக எடுத்தார்கள் என்பது வியப்பான செய்தி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. உயர்ந்தவனுடைய தாடை எட்டாது. அவனுடைய வயிறு எட்டும். பெரிய உடலைச் சுமந்து திரிவதற்கு மூச்சு அதிகம் வேண்டும். அந்த மூச்சையே குறிவைத்து, அவனை நடக்கவிட்டு, திரும்பவிட்டு, வீணாகக் கையோங்கவிட்டு, களைத்தபின் நெருங்குவது சிறியவனுடைய வழி. 2024 மே 18-ல் ரியாத்தில், உக்ரைன் நாட்டு ஒலெக்சாண்டர் உசிக், தம்மினும் நாற்பது இராத்தல் அளவுக்குக் கூடுதலான டைசன் ஃப்யூரியைப் புள்ளிகளில் வென்றபோதும், முதலில் வேலை செய்தவை அவருடைய கால்களே.

இதற்கு மாறாக ஸ்டான்லி கெட்செல் என்பாரை எண்ணிப் பாருங்கள். 1909-ல் இவர் ஜாக் ஜான்சன் என்னும் பெருவீரரைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். கூட்டம் ஆரவாரித்தது. ஜான்சன் எழுந்தார், உடனே ஒரு குத்து. கெட்செல் மல்லாந்தார். அவருடைய பற்கள் ஜான்சனின் கையுறையில் பதிந்திருந்தன என்பர். பெரியவன் பல பிழைகள் செய்யலாம். சிறியவன் ஒன்று கூடச் செய்யலாகாது.

எனக்கு இவர்கள் எல்லாரினும் மேலாகத் தோன்றுபவர் ஜிம்மி வைல்ட். தேவிகுளம், பீர்மேடு மலைகளிலே தோட்ட வேலை செய்து, சரிவுகளில் சுமையோடு ஏறி இறங்கும் நேயர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வது கடினமாக இராது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி இவர். ஐந்தடி இரண்டங்குல உயரம். எடை 108 இராத்தலுக்கு மேற்போனது அரிது. பெரியவர்கள் நுழைய முடியாத குறுகிய இடுக்குகளில் ஊர்ந்து கரி வெட்டிய சிறுவன், பின்னர்த் திருவிழாக் கொட்டகைகளில் எவர் வந்தாலும் சண்டையிடும் வேலையை மேற்கொண்டான். வந்தவர்கள் பெரும்பாலும் அவனைவிடப் பருத்தவர்கள். கைகளை இடுப்பருகே தாழ்த்தி, உடலை அசைத்து, எதிரியின் குத்து காற்றில் போனதும் உட்புகுந்து அடிப்பது அவன் முறை. 1916-ல் ஃபிளைவெயிட் பிரிவில் உலகவீரர் என்று அவரை ஏற்றுக்கொண்டார்கள்.

1921 ஜனவரி 13-ல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், நியூ ஆர்லியன்ஸ் வீரர் பீட் ஹெர்மனோடு போட்டி. ஹெர்மன் பத்து இராத்தலுக்கு மேல் கூடுதலானவர். எடையைப் பற்றிய உடன்பாடு மீறப்பட்டதென்று வைல்டின் தரப்பார் முறையிட்டனர். ஆடமாட்டேன் என்று வைல்ட் சொல்லியிருக்கலாம், சொல்லவும் முற்பட்டார். ஆனால் வேல்ஸ் இளவரசர் வந்து அமர்ந்திருந்தார். அவரை ஏமாற்ற மனமின்றி வைல்ட் மேடையேறினார்.

கொட்டகைக் குடியானவர்களிடம் பலித்த வித்தை, தேர்ந்த வீரனிடம் பலிக்கவில்லை. ஹெர்மன் வைல்டின் உடலையே விடாமல் தாக்கினார். பெரியவனைச் சாய்க்கச் சிறியவன் கையாளும் அதே வழியைப் பெரியவனும் கற்றிருந்தால் சிறியவனுக்கு எஞ்சுவது என்ன? பதினேழாம் சுற்றில் வைல்ட் மீண்டும் மீண்டும் விழுந்தார். மீண்டும் மீண்டும் எழுந்தார். விழுந்து கிடக்க உமக்குத் தெரியவில்லை என்று சொல்லி நடுவரே அவரைத் தூக்கிக்கொண்டு போய் மூலையில் விட்டாராம்.

அன்று வென்ற ஹெர்மனுக்கும் கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் அவர் முற்றிலும் பார்வை இழந்தார். வைல்ட் 1923-ல் நியூயார்க்கில் பிலிப்பைன்ஸ் இளைஞர் பாஞ்சோ வில்லாவிடம் பட்டத்தைத் தோற்று, கையுறையைக் கழற்றி வைத்தார். இம்முறை எதிரே நின்றவரும் ஐந்தடியைச் சிறிதளவே தாண்டியவர். தராசில் இருவரும் ஒரே பிரிவினர்.