கொல்லைப்புறம் வரை 18 அடி



முற்றிய புற்றுநோயும் உடலியக்கமும் என்று இந்தக் கருத்தரங்குக்குப் பெயர் வைத்தபோது மூத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "நாலாவது ஸ்டேஜ்ல இருக்கறவங்களைப் போய் எக்சர்சைஸ் பண்ணச் சொல்றீங்களே, மனசு வருதா?" அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதே இரக்கத்தோடுதான் நானும் பல ஆண்டுகள் மருந்துச் சீட்டின் அடியில் 'முழு ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் கட்டிலுக்கே வந்தது. சோறு ஊட்டிவிட்டார்கள். பெட்பேன் வாங்கி வைத்தார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோய் கொண்டுபோனது எவ்வளவு, கட்டில் கொண்டுபோனது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

புற்றுநோய் தரும் அசதி, நாள் முழுக்க நாற்று நட்டவரின் அசதி அல்ல. தூங்கி எழுந்தாலும் போகாது. படுக்கப் படுக்கத் தசை கரைகிறது, கரையக் கரைய எழுவதே பெரும்பாடாகிறது, ஆகவே மறுபடியும் படுக்கை.

2011-இல் நார்வே நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. குணப்படுத்த முடியாத புற்றுநோய் உள்ள 231 பேர். எல்லாருக்கும் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் இரண்டு ஆண்டுக்குள். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம், வாரம் இரண்டு முறை பயிற்சி. அசதி குறையவில்லை. ஆனால் நடக்கும் திறனும் கைப்பிடி வலுவும் கூடின. நம் நம்பிக்கைக்கு ஒத்துவராத முடிவையும் அப்படியே சொன்ன ஆய்வு என்பதால் அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு. 2024-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நடத்திய ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய 357 பேரில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் பயிற்சியாளர் மேற்பார்வையில் பயிற்சி. இதில் அசதி குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆனால் அவர்கள் பயிற்சி மையத்துக்கு வந்து போகக் கூடியவர்கள். நம்மிடம் வரும் பலருக்கு வீட்டு வாசலே தூரம்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் அம்மா. நோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். "கொல்லைக்கு நானே போய் வரணும் டாக்டர். ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிடக் கூசுது" என்றார். கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரை எண்ணிப் பார்த்தோம், 18 அடி. முதலில் எலும்பு எடை தாங்குமா என்று படம் எடுத்துப் பார்த்தோம். இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வலியை அடக்கினோம். மார்ஃபின் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. முதல் நாள் இரண்டே முறை. அதற்கே மூச்சு வாங்கியது. ஆறாவது வாரம் வாக்கரைப் பிடித்துக் கொல்லைக்குப் போய், குழாயடியில் தன் முகத்தைத் தானே கழுவிக்கொண்டார். முந்தானையால் துடைத்தபடி மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். நான்கு மாதத்தில் காலமானார். கடைசிப் பதினோரு நாள்தான் படுக்கையில் இருந்தார்.

பயிற்சி அவர் ஆயுளை நீட்டியது என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் அப்படி நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். எழுந்து நடக்கச் சொல்வதற்கு முன் எலும்பைப் பாருங்கள், ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். புதிதாக முதுகுவலி வந்து கால் தளர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தண்டுவடம் நசுங்கும் நிலையில் ஒருநாள் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் ஒன்றாகவே வீடு தேடிப் போகின்றன. உலகில் பல இடங்களில் இவை இரண்டும் தனித்தனித் துறைகளாக நிற்கும்போது, நமக்கு இது பெரிய வாய்ப்பு. வலி மாத்திரை கொடுக்கப் போகிறவரும் நடக்கச் சொல்லிக் கொடுப்பவரும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டால் போதும், அந்த 18 அடியை இன்னும் பலர் நடப்பார்கள்.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நார்வே ஆய்வில் பயிற்சிக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் முடிவு வரை இருக்கவில்லை. பெரும்பாலும் நோய் முற்றியதால். உங்கள் அட்டவணைகளிலும் 'விலகியவர்கள்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கடந்து போகாதீர்கள். அவர்கள் எந்த வாரம் நின்றார்கள், நிற்கும் முன் எதைச் செய்ய முடிந்தது, என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் நான் இங்கே வந்திருக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.